கையில் ஒரு கோவை இருக்கட்டும்!

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மறுநாள் நம் மலையகத்துப் பிள்ளை ஒன்றிடம், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு, "ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்" என்றுதான் பதில் வரும்.

அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? மூன்று வருடமாக வாப்பாவின் கடையில் கடன் கணக்கு எழுதியிருக்கும். உம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்து தங்கைக்கும் அயல்வீட்டாருக்கும் உடுப்புத் தைத்திருக்கும். பள்ளிவாசலில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்திருக்கும். தமிழும் சிங்களமும் கலந்து பேசி வாடிக்கையாளரைச் சமாளித்திருக்கும். இவ்வளவும் தெரிந்த பிள்ளை, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நம்பிக்கொண்டிருக்கிறது. காரணம் என்ன? இவற்றில் ஒன்றுகூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதாத கணக்கைக் கடைக்காரரே மறந்துவிடுகிறார் என்றால், எழுதாத திறமையை ஊரார் எப்படி அறிவார்கள்?

பெறுபேறு நன்றாக வந்துவிட்டால் கவலை இல்லை. வராவிட்டால்? பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், ஹட்டன் வழியாகக் கொழும்புக்கு பஸ் ஏறி, யாரோ தெரிந்தவரின் கடையில் சிப்பந்தியாகச் சேர்வதுதான் ஆண் பிள்ளைகள் பலரின் வழியாக இருக்கிறது. பெண் பிள்ளையோ வீட்டோடு இருந்துவிடுகிறாள், அல்லது ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். உழைப்பு எதுவும் இழிவல்ல. ஆனால், பத்து வருடம் உழைத்த பிறகும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நிற்பது பெரும் இழப்பு. அதைத் தவிர்க்கப் பாடசாலைக் காலத்திலேயே ஒரு வழி இருக்கிறது.

தொழிற்கோவை என்றால் என்ன?

ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் தாம் வரைந்தவற்றை ஓர் உறையில் அடுக்கி, வேலை கேட்டுப் போகும் இடத்தில் விரித்துக் காட்டுவார்கள். அதற்குப் 'போர்ட்ஃபோலியோ' என்று பெயர். இன்று எல்லாத் துறைக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஒரு மாணவன் என்ன கற்றான், என்ன செய்தான், யார் அதற்குச் சாட்சி என்பவற்றைத் திரட்டி வைத்திருக்கும் கோப்பு அது. நாம் இதைத் தொழிற்கோவை என்று அழைப்போம்.

இதைச் சுயவிபரக் கோவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுயவிபரக் கோவையில் "எனக்குத் தையல் தெரியும்" என்று எழுதுவோம். தொழிற்கோவையில் தைத்த உடுப்பின் படமும், எடுத்த அளவும், தைத்துக் கொடுத்த திகதியும் இருக்கும். முன்னது சொல், பின்னது அதற்கான ஆதாரம்.

திருக்குர்ஆன் காட்டும் இரண்டு தகுதிகள்

இது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளும்படி கட்டளையிடும் வசனம்தான் (2:282) திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம். சிறிய தொகையாயினும் எழுதச் சோம்பல் கொள்ளாதீர்கள் என்பது அதன் கருத்து. எழுத்துக்கும் சாட்சிக்கும் இவ்வளவு மதிப்புக் கொடுத்த மார்க்கம் நம்முடையது.

நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். மத்யன் நகரில் அவர்களைப் பணிக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் பரிந்துரைத்த பெண், இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார் (28:26). ஒன்று வலிமை, மற்றொன்று நம்பிக்கை. இந்தப் பரிந்துரை கண்ணால் கண்ட செயலுக்குப் பின்னர் வந்தது. அவர்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த பின்னர்தான் அந்தச் சிபாரிசு பிறந்தது!

நபி யூசுப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாக்கக் கூடியவர், விடயம் அறிந்தவர் என்ற தம் தகுதிகளைத் தாமே எடுத்துச் சொன்னார்கள் (12:55). நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்ததும், அவர்களின் நாணயம் மக்காவில் பேர்பெற்றிருந்ததால்தான்.

ஆகவே, நம் பிள்ளையின் கோவையிலும் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும். "என்னால் இது முடியும்" என்பதற்கான ஆதாரம் ஒன்று. "என்னை நம்பலாம்" என்பதற்கான ஆதாரம் மற்றொன்று.

காகிதம் இல்லாததன் விலை

காகிதம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை மலையக மக்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி 1க்கு முன்னர் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்ததோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே. இந்நாட்டில் பிறந்து, இங்கேயே உழைத்தவர்கள், அதைக் காட்டும் பத்திரம் இல்லாமல் நாடற்றவர்களாக நின்றார்கள். அந்தக் கதைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை முற்றுப்புள்ளி விழவில்லை. அரசியல் அநீதியை நாம் மறக்கவில்லை. அதே வேளை, நம் வாழ்வை நாமே பதிந்து வைத்திருக்க வேண்டும் என்ற பாடத்தையும் மறந்துவிடக் கூடாது.

பொகவந்தலாவையில் அடங்கியிருக்கும் ஒரு பெண்மணி

பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தின் அடக்கஸ்தலத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்பட வரலாற்றில் இடம்பெற்ற பெயர் அது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவைத்தான் முதன்முதலாகத் தமக்கென்று கையில் எடுத்தார். எந்தக் கல்லூரியிலும் புகைப்படக் கலை படித்தவர் அல்லர்.

ஆனால், ஒன்றைச் செய்தார். எடுத்த படங்களை மூலையில் போட்டு வைக்கவில்லை. 1864ஆம் ஆண்டிலேயே அவற்றைத் தொகுப்புகளாக அடுக்கி, துறை அறிந்த பெரியவர்களின் பார்வைக்குக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் விஞ்ஞானி சேர் ஜோன் ஹேர்ஷல். படங்களின் கீழ்த் தம் கைப்பட விபரம் எழுதினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களைப் பதிப்புரிமைக்காக முறைப்படி பதிவு செய்தார். 1865இல் இலண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் அதே அருங்காட்சியகம் அவர் படமெடுப்பதற்கு இரண்டு அறைகளை ஒதுக்கியது. 1875இல் கணவரோடு இலங்கை வந்து, 1879இல் இந்த மலைநாட்டிலேயே காலமானார்.

வசதி படைத்த குடும்பத்துப் பெண்மணி அவர். நம் பிள்ளைகளின் நிலை வேறு. ஆயினும், சான்றிதழ் இல்லாத ஒருவர் தம் வேலையை ஒழுங்காகத் தொகுத்து, பெயரிட்டு, பதிவு செய்து, உரியவர்களிடம் காட்டியதால் அங்கீகாரம் பெற்றார் என்ற பாடம் எல்லோருக்கும் பொதுவானது. பாடசாலைக்கு அந்த வழியால் போய் வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா?

கோவையில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. அடிப்படைப் பத்திரங்கள்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, பாடசாலை அனுமதி விபரம் ஆகியவற்றின் பிரதிகள். 15 வயது நிறைந்ததும் பாடசாலை அதிபர் மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பெயரில் மிகுந்த கவனம் தேவை. நம் பிள்ளைகளின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் 'முகம்மது', பாடசாலைப் பதிவில் 'மொஹமட்', பரீட்சை அனுமதி அட்டையில் வேறொன்று என்று இருப்பதுண்டு. முதலெழுத்துகளும் மாறிக் கிடக்கும். பத்தாம் தரத்திலேயே எல்லாவற்றையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் பிரதேச செயலகத்துப் பதிவாளரிடம் போய் வழி கேளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நேரத்தில் ஓடித்திரிந்து பயனில்லை.

2. கல்வி: தவணை அறிக்கைகள், பரீட்சைப் பெறுபேறுகள், அஹதிய்யா பாடசாலைச் சான்றிதழ்கள்.

3. இணைப்பாட விதானச் செயற்பாடுகள்: விளையாட்டு, சாரணியம், முதலுதவி, தமிழ்மொழித் தினப் போட்டி, மீலாத் போட்டி, கிராஅத் என்று எதில் கலந்துகொண்டாலும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பரிசு கிடைத்தால் மட்டுமே சான்றிதழ் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். கல்வியியற் கல்லூரி உட்படப் பல நேர்முகத் தேர்வுகளில் இவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். கல்வி தவிர்ந்த துறைகளில் அசாதாரண திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில்கூட ஒரு விசேட ஏற்பாடு இருக்கிறது. அங்கும் ஆதாரம்தான் பேசும்.

4. செய்த வேலைகள்: கோவையின் உயிர்நாடி இதுதான். விஞ்ஞானச் செயற்றிட்டம், தையல், மின்னிணைப்பு, கணனியில் அமைத்த கணக்கு அட்டவணை, வீட்டுத் தோட்டம் என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் அரைப் பக்கக் குறிப்பும் போதும். எப்போது செய்தேன், எத்தனை நாள் பிடித்தது, யாரிடம் கற்றேன், எங்கே பிழைத்தது, எப்படிச் சரிசெய்தேன் என்ற ஐந்து கேள்விகளுக்கும் அந்தக் குறிப்பில் பதில் இருக்கட்டும். பிழையையும் திருத்தத்தையும் எழுதிய பிள்ளை உண்மையில் தன் கையால் வேலை செய்த பிள்ளை என்பது அனுபவசாலிக்குப் பார்த்த உடனே புரிந்துவிடும்.

5. மொழி: தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வருடத்துக்கு ஒரு பக்கம் சொந்தமாக எழுதி, திகதியிட்டு வையுங்கள். ஒன்பதாம் தரத்தில் எழுதிய ஆங்கிலப் பக்கத்தையும் பன்னிரண்டாம் தரத்தில் எழுதியதையும் அருகருகே வைத்தால், பிள்ளையின் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அரபு தெரிந்த பிள்ளை அதையும் சேர்க்கலாம்.

6. நம்பகத்துக்கான கடிதங்கள்: "இவர் நல்ல பிள்ளை" என்று எழுதிய கடிதத்தால் அதிகப் பயனில்லை. "இந்தப் பிள்ளை எம் பள்ளிவாசல் நூலகத்தை இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை கவனித்தார், புத்தகப் பதிவேட்டைத் தாமே எழுதினார்" என்று எழுதப்பட்ட கடிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆசிரியர், பள்ளிவாசல் நிர்வாகி, விடுமுறையில் வேலை செய்த கடையின் முதலாளி ஆகியோரிடம் வேலை முடிந்த கையோடு கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போனால் அவருக்கும் மறந்திருக்கும்.

7. முதல் பக்கம்: மேலே சொன்ன அனைத்தின் சுருக்கமாக ஒரே பக்கத்தில் சுயவிபரக் கோவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது?

ஒன்பதாம் தரம் நல்ல தருணம். அப்போது கோவையைத் திறந்து, வீட்டில் சிதறிக் கிடக்கும் பழைய சான்றிதழ்களைச் சேர்க்கட்டும். பத்தாம், பதினோராம் தரங்களில் படிப்புக்குத்தான் முதலிடம். தவணைக்கு ஒரு வேலைக் குறிப்புச் சேர்ந்தால் போதும். சாதாரண தரம் எழுதிப் பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள்தான் பொன்னான காலம். தொலைக்காட்சி முன்னாலும் கைத்தொலைபேசியிலும் கரைந்துபோகும் அந்த மாதங்களில் ஒரு குறுகியகாலப் பயிற்சி, ஒரு கடையில் கணக்கு வேலை, ஒரு தையல்காரரிடம் தொழில் என்று ஏதாவது ஒன்றைக் கற்றுக் கோவையில் பதிய வேண்டும்.

கோவையைக் கொண்டு எங்கே போகலாம் என்று கேட்பீர்கள். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆசிரியராக விரும்புவோருக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. நாடெங்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் 'நைட்டா' நிறுவனமும் பயிற்சி நடத்துகின்றன. இவற்றுக்கு மேலாக, எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை. அது ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் வேலைத்தலத்திலேயே தொழில் கற்றவரும், முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறையின் கீழ், மதிப்பீட்டாளர் முன் தம் திறமையைக் காட்டி இந்தத் தகைமையைப் பெற முடியும். அங்கே அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். திகதியோடு எழுதி வைத்த பிள்ளைக்கு அந்த இடத்தில் தடுமாற்றம் இருக்காது.

இது முகஸ்துதி ஆகாதா?

மார்க்கப் பற்றுள்ள பெற்றோர் சிலருக்கு ஒரு தயக்கம் வரலாம். "செய்ததைக் காட்டிக்கொள்வது ரியா அல்லவா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அல்லாஹ்வுக்காகச் செய்யும் தருமத்தையும் இரகசிய உதவிகளையும் படமெடுத்துக் கோவையில் ஒட்டவே கூடாது. அவற்றை எழுத வேறு ஏடு இருக்கிறது, எழுதுவோர் மலக்குகள். தொழிற்கோவையில் வைப்பது தொழில் திறமைக்கும் ஏற்ற பொறுப்புக்குமான சாட்சி. வேலை கொடுப்பவர் அறிந்துகொள்ள உரிமையுள்ள செய்தி அது. நபி யூசுப் (அலை) அவர்கள் தம் தகுதியை மன்னரிடம் சொன்னதும் இந்த வகையில்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து பொய். ஒரு மாதம் செய்ததை ஒரு வருடம் என்று எழுதுவது, அண்ணன் செய்த வேலையைத் தன் பெயரில் ஒட்டுவது, பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவது ஆகிய எல்லாம் பொய்ச் சாட்சியில் சேரும். பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களின் வரிசையில் வைத்து எச்சரித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பொய்ச் சான்றிதழால் கிடைத்த சம்பளம் ஹலாலாகுமா என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும். பக்கங்கள் குறைந்தாலும் உண்மை குறையக் கூடாது.

பத்திரமாக வைப்பது எப்படி?

மலைநாட்டு மழையும் ஈரமும் நாம் அறிந்தவை. லயங்களில் தீப்பற்றி ஒரு வரிசை வீடுகள் முழுவதும் எரிந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, லயன் வீடுகள் உள்ளே இருந்தவற்றோடு மண்ணுக்குள் போயின. எனவே, மூலப் பத்திரங்களைத் தனியே பிளாஸ்டிக் உறையில் இட்டு வீட்டார் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள். நேர்முகத் தேர்வுக்குக் கொண்டு போனாலும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். கொடுக்க வேண்டியது சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி. ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படமெடுத்து, பிள்ளையின் சொந்த மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால், கோவை நனைந்தாலும் எரிந்தாலும் படம் மிஞ்சும்.

பெண் பிள்ளைகளை மறவாதீர்!

பெற்றோர்களே! மகனின் பத்திரங்களைத் தேடி எடுத்து வைக்கும் நாம், மகளின் சான்றிதழ்களைத் திருமணம் முடிந்ததும் பெட்டியின் அடியில் போட்டுவிடுகிறோம். நாளை கணவர் நோயில் விழலாம், கடை நொடிந்து போகலாம். அந்த நாளில் அவள் பிறர் கையை எதிர்பாராமல் நிற்க வேண்டுமானால், இன்று தைத்ததையும் கற்பித்ததையும் எழுதி வைத்த கோவை அவளோடு போகட்டும். நகையோடு அதையும் சீதனப் பெட்டியில் வையுங்கள்!

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொட்டியாகலை, கெர்க்கஸ்வோல்ட் போன்ற தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் நகரத்துக் கடைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, வருடத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு ஆசிரியர், ஒரு சமாதான நீதவான், ஒரு பிரதி எடுக்கும் இயந்திரம் இருந்தால் போதும். முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமல்ல, அயலிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் வரட்டும். ஒரே மழையில் நனையும் மக்கள் நாம்.

அன்பு மாணவ மாணவிகளே! பெறுபேறு வந்த பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட வேண்டாம். இந்த வாரமே ஒரு கோவை வாங்குங்கள். முதல் பக்கத்தில் பிஸ்மியோடு உங்கள் பெயரைச் சரியாக எழுதுங்கள். நேற்று செய்த ஒரு வேலையை இன்றே பதியுங்கள். இன்ஷா அல்லாஹ், "உனக்கு என்ன தெரியும்?" என்று நாளை ஒருவர் கேட்கும்போது தலைகுனியத் தேவை இருக்காது, கோவையைத் திறந்து காட்டினால் போதும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான ரிஸ்க்கையும், நம்பத்தகுந்தவர் என்ற நற்பெயரையும் தந்தருள்வானாக! ஆமீன்.